ஷேர் ஆபீஸ் மாடியில் அண்ட், ஆர், நாட்

கம்ப்யூட்டருக்கு நிபந்தனை எழுதும் தொழிலில் கம்ப்யூட்டரால் ஒரு தொல்லையும் கிடையாது. தொல்லையெல்லாம் நிபந்தனை சொல்ல வருகிறவர்களால்தான். இதைப் படித்ததுமே தலையை ஆட்டுகிறீர்கள் என்றால் நீங்களும் என் கட்சி. "என்ன வேணும்னு முதல்லயே ஒழுங்கா சொல்லித் தொலைக்கக் கூடாதா" என்று திரையைப் பார்த்துப் புலம்பிய அத்தனை பேரும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள்.

எம்.சி.ஏ. கடைசி செமஸ்டர். ஆளுக்கொரு மொபைல் வந்து, மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்திக்கொண்டிருந்த காலம். ப்ராஜெக்டுக்காகக் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், ஒரு பட்டுக்கடையின் மாடியில் இருந்த ஷேர் புரோக்கர் ஆபீஸில் போய் உட்கார்ந்தேன். தானாகவே ஷேர் வாங்கி விற்கும் ரோபோ ஒன்று எழுதுவதாகத்தான் திட்டம். ஆபீஸ் முதலாளி வரதன் சார், சின்ன காஞ்சிபுரத்துக்காரர், "ஆர்டரை மனுஷன்தாம்மா தட்டணும், மெஷின் தட்ட நமக்கு அனுமதி கிடையாது" என்று முதல் நாளே என் ரோபோவின் கையை வெட்டிவிட்டார். மிச்சம் இருந்தது வாய் மட்டும். வாடிக்கையாளர் சொன்ன நிபந்தனைகள் கூடி வந்தால் மணி அடிக்கும். நிபந்தனைகளைக் கோக்க மூன்று சொற்கள்: 'அண்ட்' போட்டால் இரண்டு பக்கமும் உண்மையாக இருக்க வேண்டும், 'ஆர்' போட்டால் ஏதாவது ஒரு பக்கம் போதும், 'நாட்' போட்டால் தலைகீழ்.

இதில் என் தலைக்கு மேல் ஒரு கத்தியும் தொங்கியது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வரும் தேர்வாளர் நேராக ஆபீஸுக்கே வந்து, இதை நிஜமாகவே பயன்படுத்துகிற ஒரு வாடிக்கையாளரைப் பார்ப்பார் என்று எங்கள் துறையில் சொல்லிவிட்டார்கள். பொம்மை ப்ராஜெக்டுகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவராம். ஆளைக் காட்டாவிட்டால் ப்ராஜெக்ட் போச்சு. சென்னையில் எனக்காகக் காத்திருந்த வேலையும் அதோடு போச்சு. ஒரே ஒரு ஆள். இவ்வளவு பெரிய ஊரில் ஒரு ஆள் கிடைக்க மாட்டாரா என்றுதான் நினைத்தேன்.

அண்டுக்கு மேல் அண்ட்

முதலில் மாட்டியவர் முனிரத்தினம் சார். பேங்க்கில் ஆபீசராக இருந்து ரிடையரானவர். செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, ஆபீஸ் திறக்கும்போதே ஏசிக்கு நேரே ஒரு நாற்காலியைப் பிடித்துவிடுவார். விலை அதன் சராசரிக்கு மேலே போகணும் என்றார். எழுதினேன். வியாபாரமும் வழக்கத்தைவிட ரெண்டு மடங்கு நடக்கணும். அண்ட். மொத்த மார்க்கெட்டும் ஏறிக்கினு இருக்கணும். அண்ட். முந்தின நாள் இறங்கியிருக்கக் கூடாது. அண்ட் நாட். செவ்வாய்க்கிழமை கூடவே கூடாது. அண்ட் நாட். "சார், ஒவ்வொரு அண்டும் ஒரு கதவை மூடுது. எல்லாக் கதவையும் மூடிட்டா அப்புறம் எது உள்ள வரும்?" என்று கேட்டேன். "நஷ்டம் வராதில்ல?" என்றார்.

வாரக்கணக்கில் மணி அடிக்கவே இல்லை. அவர் பாட்டுக்கு நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. பழைய விலைகளையெல்லாம் ஏற்றி, இவருடைய நிபந்தனைகள் அத்தனையும் என்றைக்காவது ஒன்றாகக் கூடியிருக்கின்றனவா என்று தேடினேன். ஒரே ஒரு நாள் அகப்பட்டது. அன்றைக்கு வாங்கியிருந்தால் அந்த ஷேர் பிறகு நன்றாகவே ஏறியிருக்கிறது. ஏதோ கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி திரையை அவர் பக்கம் திருப்பினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தேதியைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "அன்னிக்கு எங்க அண்ணன் பொண்ணு கல்யாணம்மா, நான் வேலூர்ல இருந்தேன். நான் ஊர்ல இருக்கணும்னு அதையும் ஒரு அண்ட் போட்டு சேர்த்துடு."

ஏகாம்பரத்தின் ஆர்

ஏகாம்பரம் இதற்கு நேர் எதிர். தென்னேரிப் பக்கம் நிலம் வாங்கி விற்பவர். கொஞ்சம் கட்சி, கொஞ்சம் செங்கல் சூளை. எதுவும் தன் கையை விட்டுப் போய்விடக் கூடாது. விலை ஏறினா சொல்லும்மா, இல்லன்னா இறங்கினா சொல்லு, இல்லன்னா வியாபாரம் கூடினா சொல்லு. எல்லாம் ஆர். "ஏறினாலும் அடிக்கணும் இறங்கினாலும் அடிக்கணும்னா, எப்பதான் சார் அடிக்கக் கூடாது?" "நின்ன எடத்துல நின்னா அடிக்காத. சும்மா நிக்கிறவனைப் பத்தி நமக்கு இன்னா பேச்சு?" கேட்டதை எழுதிக் கொடுத்தேன். வெறும் 'பீப்' சத்தம் வரதன் சாருக்குப் பிடிக்காது என்பதால் பூஜை மணி சத்தத்தை ஏற்றியிருந்தேன். அது காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம் வரை ஓயவில்லை. ஏகாம்பரம் மட்டும் அது காதிலேயே விழாமல் மொபைலில் யாரிடமோ கிரயம் பேசிக்கொண்டிருந்தார். எப்போதும் அடிக்கிற மணியும் அடிக்காத மணியும் ஒன்றுதான் என்று அவருக்கு விளக்கலாம் என்று காத்திருந்தேன். மனிதர் போனை வைத்தால்தானே.

அப்போதுதான் கீழே பட்டுக்கடை மேனேஜர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் பதில்களையெல்லாம் வரிசையாக அடுக்கித் தயாராக வைத்துக்கொண்டேன். நல்ல காரியம் பேசும்போது எங்கிருந்தாவது மணிச் சத்தம் கேட்டால் அதை சாமி உத்தரவு என்று எடுத்துக்கொள்ளும் ஊர் இது என்பது எனக்கு அந்த நேரம் நினைவில்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "முகூர்த்தப் புடவைக்கு காலைல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் பொரட்டுவாங்கம்மா. இப்ப கையில எடுத்த புடவைக்கே மணி அடிச்சுடுது, உடனே பில்லு போடச் சொல்றாங்க. தயவு பண்ணி நிறுத்தாதீங்க."

இந்த மேனேஜரையே வாடிக்கையாளர் என்று தேர்வாளர் முன்னால் நிறுத்தினால் என்ன என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இரண்டு வளைந்த கோடுகள்

கேசவ நாயுடு ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். சரிகை வியாபாரம். வீட்டில் தெலுங்கு, என்னை வாய் நிறைய "அம்மாயி" என்பார். அவர் கேட்டது எனக்கே பிடித்திருந்தது. சிமெண்ட் இறங்கணும், ஆர் ஸ்டீல் இறங்கணும். எது இறங்கினாலும் மொத்த மார்க்கெட் நல்லா இருக்கணும். முதல் இரண்டையும் ஒரு அடைப்புக்குறிக்குள் போட்டு, வெளியே அண்ட் போட்டு மார்க்கெட்டைச் சேர்த்தேன். இவர்தான் என் ஆள் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் மார்க்கெட்டே குடைசாய்ந்து கிடக்கிறது, இவருக்கு மணி அடிக்கிறது, இவரும் சிமெண்ட் வாங்கிவிட்டார். அது இன்னும் இறங்கியது. ஓடிப்போய்த் திரையைப் பார்த்தால் என் அடைப்புக்குறியைக் காணோம்.

எடுத்தது குமார். ஆர்டர்களைத் தட்டும் டீலர். என்னை "மேடம்" என்று கூப்பிடுவதிலேயே பாதி கிண்டல் இருக்கும். அடைப்புக்குறி இல்லையென்றால் கம்ப்யூட்டர் முதலில் அண்டைத்தான் கூட்டும். ஸ்டீலும் மார்க்கெட்டும் ஜோடி சேர்ந்துகொள்ளும், சிமெண்ட் தன்னந்தனியாக இறங்கினாலே மணி அடித்துவிடும். இதை அவனுக்குப் புரியவைக்கக் கீழ்க்கடையையே உதாரணத்துக்கு இழுத்தேன். "சிவப்பு இல்லன்னா பச்சை, எதுவானாலும் கோர்வைக் கரை போட்டது வேணும்னு ஒரு அம்மா கேக்கறாங்க. கரையே இல்லாத சிவப்புப் புடவையைக் கொண்டுபோய்க் கொடுப்பியா?" "சிவப்பு கேட்டாங்கல்ல மேடம், சிவப்பு கொடுத்தாச்சுல்ல?" நாயுடுவோ கோபப்படவே இல்லை. இறங்கியதை இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று ஆறுதலாக என்னிடமே சொன்னார். குமார் கடைசி வரைக்கும் அசைந்து கொடுக்கவில்லை. "நான் ஒரு எழுத்தைக்கூடத் தொடல மேடம், அந்த வளைஞ்ச கோடு ரெண்டைத்தான் அழிச்சேன்."

சம்பத் சுவாமி 'நாட்'டை உள்ளே தள்ளியது

முனிரத்தினம் சார் திரும்ப வந்து, ராகு காலமும் எமகண்டமும் வேண்டாம் என்றார். இரண்டையும் ஆர் போட்டு அடைப்புக்குறிக்குள் வைத்து, வாசலில் ஒரு நாட் நிறுத்தினேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "அந்த 'நாட்'டை உள்ளே கொண்டுபோய் ரெண்டுக்கும் தனித்தனியா போட்டா லட்சணமா இருக்குமே." திரும்பிப் பார்த்தால் சம்பத் சுவாமி. சின்ன காஞ்சிபுரத்துப் பாடசாலையில் தர்க்கம் சொல்லிக் கொடுக்கிறவர். பளிச்சென்று திருமண், கையில் குடை. நாட் உள்ளே போனால் ஆர் அண்டாக மாற வேண்டும் என்றேன். "ஏன் மாறணும்?" என்றார். எனக்கு இதைவிட என்ன வேண்டும்? நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

பதினோரு மணி வரைக்கும் வாதாடினோம். அவர் எழுதச் சொன்ன வரி: ராகு காலம் இல்லை ஆர் எமகண்டம் இல்லை. ராகு காலமும் எமகண்டமும் ஒரே நேரத்தில் வருவதே கிடையாது. ஆகவே எந்த நேரத்தை எடுத்தாலும் இரண்டில் ஒன்று கண்டிப்பாக இருக்காது. ஆகவே அவருடைய வரி எப்போதும் உண்மை. ஆகவே ராகு காலத்திலும் மணி அடிக்கும். இது என் கட்சி. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் தனியாக ஓடவிட்டேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை; நட்ட நடு ராகு காலத்தில் மணி கணீரென்று அடித்தது. தோற்றவர் முகம் மலர்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை. "நன்னா வாதம் பண்றே, நன்னா பண்றே" என்று குடையைத் தரையில் தட்டினார். புரிந்துகொண்டு பயன்படுத்த ஒரு மனிதர் கிடைத்துவிட்டார் என்று நினைத்து, ஆவலோடு அவருடைய அக்கவுண்ட் நம்பரைக் கேட்டேன். "அக்கவுண்டா? அடியேனுக்கு ஷேர் எதுவும் கிடையாதே. வெளியில வெயில் தாங்கலை, இங்கே ஏசி போட்டிருக்கான்னு வந்தேன்."

வாங்கச் சொல்லாத மணி

வைவாவுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. கையில் ஆள் இல்லை. அப்போது படியேறி வந்தார் வசந்தம்மா, கேசவ நாயுடுவின் மனைவி. இரண்டு சரிகைக் கடையில் ஒன்றுக்கு ஏற்கனவே பூட்டுப் போட்டாயிற்றாம், காரணம் இந்த மாடிதானாம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "எப்ப வாங்கணும்னு சொல்ற மணி எனக்கு வேணாம்மா. இவரு எப்ப வாங்கப்போறாருன்னு சொல்ற மணி வேணும். செய்வியா?" எனக்குக் காது கூர்மையானது. அவர் எப்போது வாங்குவார் என்று கேட்டேன். "கையில இருக்கறது இறங்கணும், இல்லன்னா மொத்தமா எல்லாம் சரியணும். இதுல எதுவானாலும் சரி, மூணு மணி வரைக்கும் சும்மா பார்த்துக்கினே இருப்பாரு. மூணுக்கு மேல, மூடப்போறாங்கன்னதும் கை பரபரங்கும். வெள்ளிக்கிழமை மட்டும் கடையில பூஜை, இங்க வரமாட்டாரு." மார்க்கெட்டைப் பற்றி நிபந்தனை சொன்னவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். ஒரு மனுஷனைப் பற்றி இப்படி நிபந்தனை சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. முதல் இரண்டும் ஆர், அடைப்புக்குறி. அண்ட் மூணு மணிக்கு மேல். அண்ட் நாட் வெள்ளி. மணி அடித்தால் வசந்தம்மாவின் மொபைலுக்கு ஒரு மிஸ்டு கால் போகும்படி ஒரு பழைய போனை வயர் போட்டு மாட்டினேன்.

ஆனால் நாயுடுவுக்குத் தெரியாமல் இதை ஓடவிட மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். வேவு பார்க்க நான் படிக்கவில்லை. வசந்தம்மா என்னோடு அரைமணி நேரம் மல்லுக்கு நின்றுவிட்டு, கடைசியில் அவரையே கூட்டி வந்தார். நாயுடு நிபந்தனைகளைப் படித்துச் சிரித்தார். "இப்டியெல்லாம் வாங்கற ஆளே இல்ல அம்மாயி நான். தாராளமா போட்டுக்க." அடுத்த நாள் மூன்று மணி தாண்டியதும் மணி அடித்தது. வசந்தம்மாவிடமிருந்து ஆபீஸுக்குப் போன் வந்தது. குமார் ரிசீவரை நீட்ட, நாயுடு பேசிவிட்டு, எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். தினம் இதே கதை ஆனதும் வரதன் சார் என்னைக் கூப்பிட்டார். அவர் வாங்கினால்தானே நமக்குக் கமிஷன், எந்தக் கடையிலாவது வருகிறவரை வாசலோடு திருப்பி அனுப்புவார்களா என்று கேட்டார். இந்த வருஷமே ஓட்டாண்டி ஆகிற வாடிக்கையாளர் வேண்டுமா, பத்து வருஷம் வந்துபோகிற வாடிக்கையாளர் வேண்டுமா என்று நான் கேட்டேன். வரதன் சார் கையெடுத்துக் கும்பிட்டார். "வாயைத் திறந்தா உன்னோட ஜெயிக்க முடியாதும்மா. வைவா முடியற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்."

கேள்வி கேட்ட பேராசிரியை

தேர்வாளர் ஒரு பேராசிரியை. காட்டன் புடவை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, முகத்தில் சிரிப்பே இல்லை. எங்கே உன் வாடிக்கையாளர் என்றார். வசந்தம்மாவைக் காட்டினேன், பக்கத்தில் நாயுடு கைகட்டி உட்கார்ந்திருந்தார். வசந்தம்மா கூசாமல் பேசினார். மணி அடிக்கும், மிஸ்டு கால் வரும், போன் பண்ணுவேன், நாலு மணிக்கெல்லாம் இவரு வூட்ல இருப்பாரு. பேராசிரியை என் பக்கம் திரும்பினார். "அடிச்சப்ப சரியா அடிச்சுதுன்னு இவங்க சொல்றாங்க. அடிக்க வேண்டிய நேரத்துல அடிக்காம விட்டுதா இல்லையான்னு யார் சொல்றது? வராத மிஸ்டு காலைப் பத்தி இவங்களுக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்ல ஆள் இல்லன்னா இதுவும் பொம்மைதானேம்மா." அது சரியான கேள்வி. கையெழுத்துப் போடாமலே அவர் ரிப்போர்ட்டை மூடி வைத்துப் பேனா மூடியைத் திருகப்போனார். சென்னை வேலை என் கண் முன்னாலேயே படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தது. டெர்மினலுக்குப் பின்னால் குமார், ஆர்டர்களையெல்லாம் தட்டுகிறவன், தேவையில்லாமல் இருமினான்.

நாயுடு மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அதை நான் சொல்றேன் மேடம். அது மூணு மணிக்கு மேலதான அடிக்குது? நான் ரெண்டே முக்காலுக்கே வாங்கிடறேன். நாலஞ்சு தடவை ஆச்சு. மூணு மணிக்கு மேல போன் வந்தா நல்ல புள்ளையா எழுந்து போயிடுவேன்." அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கலாம். பேராசிரியை ரிப்போர்ட்டை மறுபடி திறந்தார். அதை ஏமாற்ற ஒரு ஆள் வழி தேடியிருக்கிறார் என்றால் அது பொம்மையில்லை என்று, எழுதிக்கொண்டே சொன்னார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இந்த ஓட்டையை எப்படி அடைக்கப்போகிறாய் என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள், கணவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வசந்தம்மா என்னிடம் சொன்னார். "அந்த மூணு மணியையே எடுத்துடும்மா. காலைல மார்க்கெட்டு தொறந்ததுலேர்ந்து அடிக்கட்டும்."

ஆகவே, நிபந்தனைகளை ஒன்று விடாமல் எழுதி முடித்துவிட்டேன் என்று நம் தொழிலில் யாராவது மார்தட்டினால், அவருடைய வாடிக்கையாளரின் மனைவி இன்னும் மாடிப்படி ஏறி வரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.